தோலுக்கு இல்லாத எல்லை

என் தந்தையார் ஆம்பூரில் தோல் ஷாப் ஒன்றில் தரம் பிரிப்பவராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். உப்புப் போட்ட பச்சைத்தோல் கட்டுகள் லாரியிலிருந்து இறங்கியதும் ஒரு தோலை எடுத்து உதறுவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து ஒருமுறை தேய்ப்பார். “இது கல்கத்தா ஆடு, அது ஐதராபாத் சரக்கு” என்று சொல்லிக்கொண்டே இரு பக்கமாக எறிவார். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுபோகும்போது நான் பார்த்து நின்ற காட்சி இது. இந்தியாவில் எத்தனை மாநிலங்கள் இருக்கின்றன என்பதை நான் அறிந்துகொண்டது அந்த உப்பு வாடைக்குள் நின்றுதான் என்று சொன்னால் மிகையாகாது. எந்த ஊர்த் தோலாக இருந்தாலும் அதன் தரத்தை முடிவு செய்ய என் தந்தையாரின் இரண்டு விரல்கள் போதுமானவையாக இருந்தன.

அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-இல், அவருடைய பேத்தியின் தரத்தை முடிவு செய்ய இரண்டு மாநிலங்கள் ஐந்து மாதங்கள் எடுத்துக்கொண்டன. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இலக்கியம் பேசும் இடத்தில் பதிவு எண்ணும் கட்டணமும் பற்றி எழுதுவதா என்ற தயக்கம் இருந்தது. சென்ற மாதம் ஒரு சிறு நிகழ்ச்சி அந்தத் தயக்கத்தை நீக்கியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அக்காள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் வேலை செய்தவர். கணவர் இல்லை. ஒரே மகள். அவளைச் செவிலியர் படிப்பில் சேர்க்க வேண்டும் என்பது அக்காளின் பிடிவாதம். வேலூரை ஒட்டி வாழ்கிற எங்களைப் போன்றோருக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. 1909-இல் அங்கே செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946-இல் செவிலியருக்குப் பட்டப்படிப்பே வந்துவிட்டது. வெள்ளைச் சீருடையில் பேருந்துக்கு நிற்கும் பெண்களைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்த் தாய்மார்கள் தங்கள் மகள்களுக்குக் கனவு கண்டார்கள். ஆனால் கனவுக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. என் அக்காள் மகளுக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. குறைந்த கட்டணத்தில் பக்கத்து மாநிலம் ஒன்றில் இடம் கிடைத்தது. எந்த மாநிலம் என்பதை நான் சொல்லப்போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பெரிதாக மாறிவிடாது என்றே நினைக்கிறேன்.

நான்கு ஆண்டுகள் படித்தாள். அந்த மாநிலத்தின் செவிலியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, ஓர் ஆண்டு அங்கேயே வேலை பார்த்தாள். அதற்குள் அக்காளுக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கத் தொடங்கியது. மகள் ஊர் திரும்பினாள். வேலூரில் ஒரு மருத்துவமனை நேர்காணலில் அவளைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டுப் பதிவு எண்ணைக் கொண்டுவந்தால் அன்றே சேரலாம் என்றது. அவர்கள் கேட்டதில் பிழை எதுவுமில்லை. பதிவில்லாத ஒருவரை நோயாளியின் அருகே விடக்கூடாது என்பதற்காகத்தான் பதிவேடு என்ற ஒன்றே இருக்கிறது.

இங்கே பதிய வேண்டுமானால், முதலில் பதிந்த மாநிலத்திலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும். எல்லாரும் என்.ஓ.சி. என்றுதான் சொல்கிறார்கள். அதோடு, இவள் எங்களிடம் பதிந்தவள்தான், இவள் மீது புகார் எதுவுமில்லை என்ற சரிபார்ப்புக் கடிதமும் வர வேண்டும். அக்கடிதம் விண்ணப்பதாரரின் கைக்கு வராது. அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போகும். விண்ணப்பித்தோம், பணம் கட்டினோம், காத்திருந்தோம். ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதத்தின் நடுவில் அவள் அம்மாவின் பழைய கம்பெனியிலேயே அப்பர் தைக்கப் போனாள். பி.எஸ்சி. நர்சிங் படித்த பெண், ஐரோப்பியக் கால்களுக்கான காலணியின் மேற்பகுதியைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது விரலில் துணி சுற்றியிருந்தாள். “ஊசி ஏறிடுச்சு மாமா” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, “அங்கயும் ஊசிதான், இங்கயும் ஊசிதான். இந்த ஊசிக்கு மட்டும் யாரும் என்.ஓ.சி. கேக்கல” என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அந்த வாரமே கல்லூரியில் இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு புறப்பட்டேன்.

அந்த அலுவலகத்தைப் பற்றி எனக்கு முன்கூட்டியே ஒரு கற்பனை இருந்தது. இலஞ்சம் எதிர்பார்க்கும் கை, அலட்சியமான முகம் என்று எங்கள் சிறுகதைகளில் வழக்கமாக வரும் எழுத்தர் ஒருவரை மனத்தில் வரைந்துகொண்டு போயிருந்தேன். அங்கே இருந்தவர் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர். சுவர் நெடுக அலமாரிகள், அலமாரிகளின் மேலும் கோப்புகள். ஓரளவு தமிழ் பேசினார். என் கோபத்தை முழுவதுமாகக் கேட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்தார். பிறகு அவர் சொன்னவற்றின் சாரம் இது. அரசு தங்களுக்குச் சம்பளம் தருவதில்லை. பெண்கள் கட்டும் பதிவுக் கட்டணம், புதுப்பிப்புக் கட்டணம், சான்றுக் கட்டணம் ஆகியவற்றில்தான் விளக்கு எரிகிறது. ஆள் எடுக்கப் பணமில்லை. ஒவ்வொரு தடையில்லாச் சான்றும் ஒரு பெயர் வெளியே போகிறது என்பதன் அறிவிப்பு. அந்தப் பெயர் இனிமேல் புதுப்பிப்புக்கு வராது. “எங்கள் வருமானத்தை நாங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிவைக்கிறோம் சார்” என்றார். வேண்டுமென்று தாமதிப்பதில்லை என்றும் சொன்னார். நான் அதை நம்பினேன். என்றாலும் கோப்பு அலமாரியின் மேல்தட்டில்தான் இருந்தது.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பல நாட்கள் என்னோடு இருந்தது. மாநில எல்லை என்பதை மொழி, ஆறு, அரசியல் என்றே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். அது ஒரு வருவாய்க் கோடும்தான் என்பதை அந்த மனிதர்தான் எனக்கு உணர்த்தினார்.

எங்கள் பகுதிக்கு அந்தக் கோடு மிகவும் புதியது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். அவ்வாண்டு சித்தூர் தனி மாவட்டமானபோதுதான் வேலூர் தலைநகரானது. சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் 1914-இல் வந்தது. செவிலியர், மருத்துவச்சியருக்கான சட்டம் 1926-இல் வந்தது. அன்றைய மாகாணம் கஞ்சத்திலிருந்து திருநெல்வேலி வரை, மலபாரையும் தென் கன்னடத்தையும் சேர்த்துக்கொண்டு கிடந்தது. சென்னையில் பெயர் எழுதிக்கொண்ட ஒரு செவிலி கள்ளிக்கோட்டையிலும் சித்தூரிலும் விசாகப்பட்டினத்திலும் அதே பதிவேட்டுக்குள்தான் இருந்தாள். 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956-இல் மலபாரும் தென் கன்னடமும் போயின. 1960-இல் திருத்தணி திரும்பி வந்தது. சித்தூருக்கும் திருத்தணிக்குமாக ம.பொ.சி. நடத்திய போராட்டங்களை நாம் வகுப்பில் சொல்லித்தருகிறோம். வீடு மாறாமலேயே மாநிலம் மாறியவர்களின் பதிவேடுகளைப் பற்றி யாரும் எழுதிவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பதிவேடுகளுக்கென்று ஒரு தனிப் பிடிவாதமும் உண்டு. திருவிதாங்கூரும் கொச்சியும் வரைபடத்திலிருந்து மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கேரளத்து மருத்துவ கவுன்சில் அவ்விரு பெயர்களையும் சுமந்துகொண்டிருந்தது. 2021-இல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் அவை உதிர்ந்தன.

தகுதியைப் பொறுத்தவரை சட்டம் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டிருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட ஒரு படிப்பு எந்த மாநிலப் பதிவேட்டில் சேருவதற்கும் போதுமானது. என் அக்காள் மகளின் படிப்பை யாரும் சந்தேகிக்கவில்லை. பதிவேடுதான் தனித்தனி. மருத்துவம் உள்ளிட்ட தொழில்கள் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 26-ஆவது இனமாக இருக்கின்றன. அதே பட்டியலின் கடைசி இனமான 47, அப்பட்டியலில் உள்ளவற்றுக்கு விதிக்கும் கட்டணங்களைப் பற்றியது. தொழிலும் கட்டணமும் ஒரே பட்டியலில் இருப்பது தற்செயல் அல்லவென்றே தோன்றுகிறது.

அவளோடு படித்த தோழி ஒருத்தி இப்போது அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள். அவள் மூலமாகத்தான் அந்நாட்டில் செவிலியருக்கென்று மாநிலங்களுக்கிடையே உரிம உடன்படிக்கை ஒன்று இருப்பதை அறிந்தேன். அங்கும் உரிமம் வழங்குவது மாநிலங்கள்தாம். 2000-இல் சில மாநிலங்களோடு தொடங்கிய ஏற்பாடு, 2018-இல் புதுவடிவம் பெற்று இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் குடியிருக்கும் மாநிலம் தரும் ஒரே உரிமம் உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா மாநிலங்களிலும் செல்லும். டெக்சாஸுக்கும் ஆர்க்கன்சாவுக்கும் நடுவே டெக்சர்கானா என்றொரு ஊர். மாநில எல்லை ஊருக்குள்ளேயே ஓடுகிறது. தெருவின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையுமாக ஒரு செவிலி அங்கே இருக்க முடியும். வேலூரும் சித்தூரும் என் நினைவுக்கு வந்தன. நம் மருத்துவமனைக்கே சித்தூரில் ஒரு வளாகம் இருக்கிறது.

என்னைக் கவர்ந்தது அந்த வசதியைக் காட்டிலும் அவர்கள் கணக்குப் பார்க்கும் விதம். உடன்படிக்கையில் சேரும் மாநிலம் ஆண்டுக்கு 6,000 டாலர் உறுப்பினர் தொகை கட்டுகிறது. நம் பணத்தில் ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டும். ஒரு மாநில அரசுக்கு அது தேநீர்ச் செலவு. பெரிய செலவு வேறிடத்தில் இருக்கிறது. வெளிமாநிலச் செவிலியர் இனிமேல் இங்கே தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. அவர்கள் கட்டிவந்த கட்டணம் நின்றுவிடும். குற்றப்பின்னணி சோதிக்க ஏற்பாடு வேண்டும். கணினிப் பதிவுகளைப் பொதுத் தரவுத்தளத்தோடு இணைக்க வேண்டும். வேறொரு மாநிலத்தின் உரிமத்தோடு வந்து இங்கே தவறு செய்தவர் மீதான புகாரை விசாரிக்க வேண்டும். கட்டணம் அந்த மாநிலத்துக்கு, விசாரணைச் செலவு இந்த மாநிலத்துக்கு. மசோதா சட்டமன்றத்துக்கு வரும்போது இவற்றையெல்லாம் மதிப்பிட்டு ஒரு நிதிக்குறிப்பை இணைக்கிறார்கள். சேராத மாநிலங்களும் உண்டு. கலிபோர்னியா இன்னும் வெளியேதான் நிற்கிறது.

மருத்துவர்களுக்கான உடன்படிக்கை 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கெட்டிக்காரத்தனம் கூடுதல். விண்ணப்பிக்கும் மருத்துவர் 700 டாலர் கட்டுகிறார். அதில் 300 டாலர் அவருடைய மூல மாநிலத்துக்குப் போகிறது. அதன் பிறகு எந்தெந்த மாநிலத்தில் தொழில் செய்ய விரும்புகிறாரோ, அந்தந்த மாநிலத்தின் உரிமக் கட்டணத்தையும் தனித்தனியாகக் கட்டுகிறார். தாள்கள் மட்டும் ஒருமுறைதான் சரிபார்க்கப்படுகின்றன. ஆகவே எந்த மாநிலத்துக்கும் பெரிய நட்டமில்லை. செவிலியர் உடன்படிக்கையில் மாநிலம் இழக்கிறது, மருத்துவர் உடன்படிக்கையில் மருத்துவரே செலுத்துகிறார். வாங்கும் சம்பளத்தைப் பார்த்தால் இது நியாயம்தான் என்று என் அக்காள் மகள் சொன்னாள்.

நம் நாட்டிலேயே ஒரு தொழிலுக்கு இந்தக் கணக்கு வெகுகாலத்துக்கு முன்பே தீர்க்கப்பட்டிருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், ஒரு மாநிலப் பார் கவுன்சிலிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரை மாற்றும்போது கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்கிறது. சட்டம் எழுதியவர்களில் வழக்கறிஞர்கள் அதிகம் என்பது காரணமாக இருக்கலாம்! ஆனால் அங்கும் பணம் வேறொரு வாசலைத் தேடிக்கொண்டது. புதிதாகப் பதிவு செய்ய வரும் இளைஞர்களிடம் பார் கவுன்சில்கள் 15,000 முதல் 42,000 ரூபாய் வரை வாங்கிவந்தன. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டம் குறிப்பிட்ட 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினராயின் 125 ரூபாய்க்கு மேல், வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிறகு எப்படி அலுவலகம் நடத்துவது என்பதுதான் கவுன்சில்களின் வாதமாக இருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தண்ணீர் கொடுத்த அந்த முதிய எழுத்தரின் குரல் கேட்டது.

மருத்துவர்களைப் பொறுத்தவரை 1956-ஆம் ஆண்டுச் சட்டமே, இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயருள்ளவர் நாட்டின் எப்பகுதியிலும் தொழில் செய்யலாம் என்றது. ஆயினும் மாநிலம் மாறுகிறவர்கள் மாநிலக் கவுன்சில்களின் வாசலில் நிற்பது தொடர்ந்தது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றின் தொடக்கத்தில் வெளிவந்த தொலைமருத்துவ நெறிமுறைகள், பதிவு பெற்ற மருத்துவர் எந்த மாநில நோயாளிக்கும் தொலைபேசி வழியே ஆலோசனை கூறலாம் என்றன. குரலுக்கு எல்லை நீங்கியது. செவிலியின் வேலை குரலால் ஆகக்கூடியதல்ல. கை போக வேண்டும். 2023-இல் செவிலியருக்கும் மருத்துவச்சியருக்கும் தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது; தேசியப் பதிவேடும் மாநிலப் பதிவேடுகளும் என இரண்டையும் அது பேசுகிறது. ஆதாருடன் இணைந்த தனி எண் தரும் ஏற்பாடும் இருக்கிறது. எல்லாம் நல்லவையே. மாநிலக் கவுன்சில்களின் விளக்கு எதில் எரியப்போகிறது என்ற கேள்விக்கு அவை விடை சொல்லிவிட்டனவா என்பதில்தான் எனக்கு ஐயம் இருக்கிறது.

நான் பொருளாதாரம் படித்தவனல்லன். ஆனாலும் வீட்டுக் கணக்கு எழுதத் தெரியும். பொதுப் பதிவேட்டில் ஒரு மாநிலம் சேர்ந்தால் அதற்கு என்ன செலவு என்று கேட்கிறார்கள், எழுதுகிறார்கள், விவாதிக்கிறார்கள். சேராதிருப்பதற்கும் ஒரு செலவு உண்டு; அது எந்த நிதிக்குறிப்பிலும் ஏறாமல் என் அக்காளின் அடுக்களை நாட்காட்டிக்குப் பின்னால் பென்சிலில் எழுதப்பட்டிருந்தது. ஐந்து மாதச் சம்பளம், மூன்று முறை பயணம், நகல்கள், அஞ்சல், ஒரு கைக்கடன், அதற்கு வட்டி. நியாயப்படி அந்தக் கவுன்சிலுக்கு அரசு தன் கருவூலத்திலிருந்து பணம் தந்திருக்க வேண்டும். நோயாளியைக் காப்பதற்கான பதிவேட்டை, பதிந்துகொள்ளும் பெண்ணே ஏன் நடத்திவைக்க வேண்டும்? தோல் ஏற்றிவந்த லாரிகள் வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் வரிசைகட்டி நின்ற காலத்தில் மாநிலங்கள் எவ்வளவு வாதாடின! 2017 ஜூலையில் பொதுச் சரக்கு வரி வந்தது; சாவடிகள் எடுக்கப்பட்டன; இழக்கும் வருவாய்க்கு ஐந்து ஆண்டுகள் இழப்பீடு என்று சட்டமே எழுதப்பட்டது. சரக்குக்கு அவ்வளவு யோசித்தார்கள்.

கடிதம் ஐந்தாம் மாதம் வந்தது. நாங்கள் போய் வந்ததனால் வந்ததா, தானாகவே வந்ததா என்று இன்றுவரை தெரியாது. அந்த மருத்துவமனையில் அவளுக்கென்று வைத்திருந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டிருந்தாள். அவளை அடுத்த தொகுதியில் எடுத்துக்கொண்டார்கள். இப்போது வேலூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். அவள் பார்த்துக்கொள்கிற நோயாளிகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் பலர். வேலூர்த் தெருக்களில் விடுதிப் பலகைகள் வங்க மொழியில் தொங்குவதை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். வங்க மொழியில் “வலிக்கிறதா” என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

சென்ற மாதம் நடந்தது இதுதான். பதிவு புதுப்பிப்பு வேலையாக இணையத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள், பழைய மாநிலத்தின் பதிவேட்டில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். இருந்தது. பழைய எண், விடுதி முகவரி, பத்தொன்பது வயதுப் புகைப்படம், எல்லாம் அப்படியே. அவள் போய்விட்டாள் என்று ஐந்து மாதங்கள் எடுத்துச் சான்று எழுதிக்கொடுத்த இடத்தில், அவள் பெயரை அடிக்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. இந்தியாவில் எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்று அரசு எண்ணும்போது இவளை இரண்டாக எண்ணியிருக்கக்கூடும்.

“அங்க ஒரு நான் வேல பாத்துட்டு இருக்கேன் போல மாமா” என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று அக்காள் உள்ளேயிருந்து கேட்டார். அவருக்கு இப்போது ஒரு கண்ணில் மட்டும்தான் பார்வை. மகள் பதில் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு இரவுப் பணிக்குக் கிளம்பினாள். ஏழே முக்கால் பேருந்தை விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம் நிற்க வேண்டும்.